ஏழாவது ஹோலின் வளைவு

"நிக்காஹ் அன்னிக்கும் இதே மூஞ்சி, இன்னிக்கும் இதே மூஞ்சியா? கொஞ்சம் சிரிங்க" என்று கிளப் ஹாலில் வைத்து நதீமுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள் சாய்மா.

சிரிக்கத் தெம்பில்லை அவனுக்கு. அடையாற்றுப் பக்கத்துப் பழைய கோல்ஃப் மைதானத்தை வெள்ளைக்காரன் முதலில் எப்படி அமைத்தான் என்று கண்டுபிடிக்க கிளப் அவனை அமர்த்தியிருந்தது; அதேபோல் திரும்ப அமைக்க வேண்டுமாம். கோட்டூர்புரம் நூலகம், ஆவணக் காப்பகம் என்று நாலு வருஷம் நாயாக அலைந்தான். வரைபடங்களைக் கரையான் தின்றிருந்தது.

கடைசியில் பாலவாக்கத்தில் ஒரு பழைய மெம்பர் வீட்டுப் பரணில், உறைமேல் 'ஏழாவது ஹோல்' என்று எழுதிய கண்ணாடித் தகட்டு நெகட்டிவ் ஒன்று கிடைத்தது. மேற்கு மாம்பலம் ஸ்டூடியோக்காரர், "தகட்டை எந்தப் பக்கம் வெச்சாலும் படம் விழுது சார், எப்படிப் போட?" என்று கேட்டார்.

"எப்படியோ போடுங்க, ஆளை விட்டா போதும்" என்றான் நதீம்.

படம் பளிச்சென்று வந்தது. வலது மார்புப் பையில் வெள்ளைக் கைக்குட்டை செருகிய துரை ஒருவர். அவருக்குப் பின்னால் ஏழாவது ஹோலின் குழியை நோக்கிப் பந்தடிக்கும் புல்வெளி வலப்பக்கமாக வளைந்து போனது. இரண்டு பனைமரம் தவிர வேறு அடையாளமில்லை, ஆனால் கிளப் கமிட்டிக்கு அதுவே போதுமாக இருந்தது.

நேராகக் கிடந்த புல்வெளியை வலப்பக்கம் வளைத்தார்கள். அங்கே குடியிருந்த புல் வெட்டும் ஆட்களின் வீடுகளை இடித்து, அவர்களை ஊருக்கு வெளியே அனுப்பினார்கள். இன்று திறப்பு விழா.

ஹாலில் பெரிதாக்கி மாட்டிய அந்தப் படத்துக்கு, ஸ்டூல் மேல் ஏறி மாலை கட்டிக்கொண்டிருந்தான் டில்லிபாபு. வீடு போனவர்களில் அவனும் ஒருவன். இப்போது ரெண்டு பஸ் மாறி வேலைக்கு வருகிறான்.

"கோச்சுக்காத டில்லி. படத்துல இருக்கிறபடிதானே செஞ்சோம்" என்றான் நதீம். டில்லியின் முகத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

"படத்துல கீதுன்னா அப்பால இன்னா சார் பேசறது? எங்க நேரம்" என்றான் டில்லிபாபு அலுப்பாக.

சாய்மா ஒரு வெள்ளைக் கைக்குட்டையை மடித்தாள். "அந்தத் துரை மாதிரியே வெச்சுவிடறேன், ஆடாம நில்லுங்க."

அவள் கை கோட்டின் வலது மார்பைத் தடவிவிட்டு நின்றது.

"ஏங்க, ஆம்பிளைங்க கோட்டுல பாக்கெட்டு இடது பக்கம்தானே வரும்? துரைக்கு மட்டும் ஏன் வலது பக்கம் இருக்கு? படத்தை இடம்வலமாத் திருப்பிப் போட்டுட்டாங்களா?"

ஸ்டூடியோக்காரர் கேட்ட கேள்வி நதீமின் காதில் மறுபடி ஒலித்தது. "யா அல்லாஹ்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

டில்லிபாபு மாலையோடு கீழே இறங்கினான். "அப்போ அந்தக் காலத்துல இடது பக்கமா வளைஞ்சிது, சார்?"

ஆமாம் என்று தலையாட்டினான் நதீம்.

"அப்ப எங்க வூட்ட இன்னாத்துக்கு சார் இடிச்சீங்க?"