சாமிக்கு வந்த தலைவலி

குற்றாலநாதர் சன்னதி வரிசையில் நிற்கும்போதும் அவள் நெற்றிப்பொட்டை விரலால் அழுத்திக்கொண்டுதான் நின்றாள்.

கையை எடு என்றேன். எடுத்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி வைத்துக்கொண்டாள்.

என் மருமகள். நயா பைசா வந்த இந்தச் சித்திரையில்தான் கல்யாணம். மூன்று மாதமாகத் தலைவலி. சுக்குப் பற்றுப் போட்டாயிற்று, நொச்சித் தழையில் ஆவி பிடித்தாயிற்று, தென்காசி டாக்டர் கொடுத்த மாத்திரையும் தின்றாயிற்று. உலகத்தில் இல்லாத தலைவலி. எனக்கு வராததா? துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உலை வைக்கப் போவேன். ஒருத்தருக்கும் தெரியாது.

எங்கள் ஊர் எண்ணெய் தேய்த்தால் போய்விடும் என்கிறாள். அவள் ஊர் நாங்குநேரி. அங்கே பெருமாளுக்குத் தினமும் எண்ணெய்க் காப்பு நடக்குமாம். அந்த எண்ணெயைக் கோயில் கிணற்றில் சேர்த்து வைத்திருப்பார்களாம். அதில் தீராத வியாதியே கிடையாதாம்.

ஏன், எங்கள் சாமியிடம் எண்ணெய் இல்லையா?

ஆடி பிறக்கப் போகிறது. நாளைக்கு அவள் அப்பா வருகிறார், அழைத்துப் போக. ஆடிக்குப் போகிற பெண் ஆவணியில் திரும்ப வேண்டும். இவள் திரும்ப மாட்டாள். அது எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும், என் மகன் சிவசைலம் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. அப்புறம் தெரு முழுக்க என் பேச்சாகத்தான் இருக்கும். மாமியார் கொடுமை என்பார்கள். அதனால்தான் சாரலில் நனைந்துகொண்டு முதல் பஸ்ஸில் இழுத்து வந்தேன்.

அப்படி என்ன கொடுமை செய்துவிட்டேன்? பெயரை மாற்றினேன். அவ்வளவுதான். ஜாதகம் பொருந்தியது என்று நாமக்கார வீட்டில் பெண் எடுத்தோம். வரமங்கை என்பது அவர்கள் ஊர்த் தாயார் பெயர். திருநீறு தவிர வேறெதுவும் நெற்றியில் ஏறாத வீட்டில் அதை எப்படிக் கூப்பிடுவது? குழல்வாய்மொழி என்று நான்தான் வைத்தேன். எவ்வளவு லட்சணமான பெயர். மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்புவாள். பெண்ணுக்குக் காது மந்தமா என்று பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டார்கள்.

வரிசை நகரவில்லை. புத்தி வரட்டும் என்று கோயில் கதையைச் சொன்னேன்.

இது முதலில் பெருமாள் கோயில். திருநீற்றோடு வந்த அகத்தியரை வாசலிலேயே விரட்டிவிட்டார்கள். மனுஷர் நாமத்தைப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். பூஜை செய்கிறேன் என்று உள்ளே போனார். நின்ற பெருமாளைத் தலையில் கைவைத்து அழுத்து அழுத்தென்று அழுத்தி லிங்கமாக்கிவிட்டார். ஐந்து விரல் தடம் இன்றைக்கும் உண்டு என்பார்கள். பெருமாள் மறுபேச்சுப் பேசவில்லை. ஸ்ரீதேவியும் குழல்வாய்மொழி அம்மையாகி இதோ அடுத்த சன்னதியில் நிற்கிறாள். அவளுக்கே வராத கஷ்டம் நாங்குநேரிக்காரிக்கு என்ன வந்தது?

அழுத்திய அழுத்தலில் சாமிக்குத் தலைவலி கண்டுவிட்டது. அதற்குத்தான் மூலிகை போட்டுத் தைலம் காய்ச்சித் தினமும் தலையில் சாத்துகிறார்கள். அந்தத் தைலம்தான் உனக்கும் என்று முடித்தேன்.

அவள் என்னை நேராகப் பார்த்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை.

"தெனமும் தேய்க்காங்கன்னா, சாமிக்கு இன்னும் வலி விடலையா அத்தை?"

என்ன கொழுப்பு. ஒழுங்காக நில் என்றேன். கோபம் கூடிக்கொண்டே வந்தது. முன்னால் நின்ற ஆலங்குளத்துக்காரர் ஒருவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததையும் பார்த்துவிட்டேன்.

எங்கள் முறை வந்தது. பட்டர் தட்டை வாங்கிக்கொண்டு பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நான் வாயெடுப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"வரமங்கை. திருவோணம்."

சாமி முன்னால் வைத்து. எனக்குக் காதெல்லாம் சுட்டது. நாங்குநேரி என்ன, வைகுண்டத்துக்கே போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன்.

பட்டர் என் பக்கம் திரும்பினார். பழைய பட்டராக இருந்தால் கேட்க மாட்டார். கல்யாணசுந்தரி, பூரம் என்று அவரே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவார். இவர் புதுசு. கேட்டுவிட்டுக் காத்து நின்றார்.

சாமி முன்னால் என்னிடம் பெயர் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று.

முத்துவடிவு என்றேன்.

அவள் சட்டென்று திரும்பினாள். அவளுக்குத் தெரியாது. சிவசைலத்துக்கே தெரியாது. என் மாமியார் பெயரும் முத்துவடிவு. பெற்ற அம்மா பெயரைச் சொல்லிப் பெண்டாட்டியை எப்படி அதட்டுவது என்று என் வீட்டுக்காரருக்குச் சங்கடம். வந்த அன்றைக்கே என்னைக் கல்யாணசுந்தரி ஆக்கிவிட்டார்கள். அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. பெயரை யாரும் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

பட்டர் அர்ச்சனை முடித்து வந்து அவள் உள்ளங்கையில் தைலம் விட்டார். பக்கத்தில் என் கையும் நீண்டிருந்தது. அதிலும் விட்டார்.

அவள் தைலத்தைத் தேய்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்னட்டி பாக்க? ஊருக்குப் போயிட்டு வரும்போது, அந்தக் கெணத்து எண்ணெய ரெண்டு சீசாவாக் கொண்டா."