கால்விலங்கு

கடத்தூர்ப் பக்கத்தில் ஒரு பழைய காவல் நிலையத்தைக் காலி செய்கிறார்கள். பீரோக்களை ஏற்றிய லாரியோடு மற்றவர்கள் போய்விட, பெண் காவலர் சோபனாவும், அடிதடி வழக்கில் விசாரணைக்குப் பிடித்துவைத்த மாதேஷும் மட்டும் இருக்கிறார்கள். மூலையில் வெள்ளைக்காரன் காலத்துக் கால்விலங்கு ஒன்று கனத்த சங்கிலியோடு துருவேறிக் கிடக்கிறது. ஜன்னல் வெயிலில் அதைப் புரட்டிப் பார்க்கிறாள் சோபனா. இதோடு எப்படி நடந்திருப்பார்கள்? ஷூவைக் கழற்றிவிட்டுத் தன் கணுக்காலில் வளையத்தை வைத்து அழுத்துகிறாள். டக்கென்று பூட்டிக்கொள்கிறது. இழுத்தால் வரவில்லை. வாசற்கதவு அகலத் திறந்திருக்கிறது. மாதேஷ் பெஞ்சிலிருந்து எழுகிறான்.

“சாவி எங்கங்க மேடம்?”

“அதெல்லாம் எப்பவோ காணாமப் போயிருக்கும்.”

அவன் வெளியே போகிறான். “டேய், நில்லுடா!” பதறி எழுகிறவளைச் சங்கிலி இழுக்கிறது, சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். வெளியே குழாய்த் தண்ணீர் கொட்டும் சத்தம். ஈரச் சோப்போடு திரும்பி வந்தவன், அவள் காலருகே குந்தி நுரை தேய்க்கிறான்.

“ஆம்பள காலுக்குச் செஞ்சதுங்க. வலிச்சாச் சொல்லுங்க.”

பாதம் மெல்ல வழுக்கி வெளியே வருகிறது. சிவந்த தோலை அவள் தடவிக்கொள்ள, அவன் விலங்கைக் கையில் தூக்கிப் பார்க்கிறான்.

“மாட்டுனது எப்படிங்க இருந்துச்சு?”

“நீ வெளிய போனதுக்கப்புறந்தான் கனம் தெரிஞ்சுது,” என்கிறாள் சோபனா.