மாதா கழுத்திலிருந்து வந்த மாலை

துபாயிலிருந்து திரும்பிப் பல வருடமாகியும் ஒரத்தநாட்டு கிளமென்ட்டின் காதைவிட்டு அந்தக் குரல் போகவில்லை. அங்கே ஓட்டல் மேடையில் பாடும் பெண்களுக்கு, ரசிகர்கள் காசு கட்டி பிளாஸ்டிக் ரோஜா மாலை போடச் சொல்வார்கள். ஜிகினா கவுனில் வந்து கூட்டத்தையே கட்டிப்போட்டவளுக்கு இவரும் ஒன்று போடச் சொன்னார். மாலை கழுத்தில் விழுந்ததும் அவள் மைக்கிலேயே கூப்பிட்டாள்.

"கிளமென்ட் அண்ணே! நான் விண்ணரசி. உங்க கல்யாணப் பூசையில பாடுனேனே!"

சிநேகிதர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு உடம்பே கூசியது.

"யாருன்னே தெரியலையே," என்றார்.

அவள் ஒரு நொடி நின்றாள். மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சுருதி பிசகாமல் அடுத்த பாட்டைத் தொடங்கினாள்.

இந்த வருடத் திருவிழாவில், மைக்கில் ஒரு பெண் பாடிவர, மாதா தேர் கிளமென்ட்டின் வீட்டு வாசலில் வந்து நின்றது. மனைவி ஜாஸ்லின் மல்லிகை மாலை கொடுத்தாள். தேர் மேலிருந்தவர் அதை மாதாவின் கழுத்தில் போட்டெடுத்து, வழக்கம்போலத் திருப்பிக் கொடுத்தார். கிளமென்ட்டின் கைக்கு வந்தது பிளாஸ்டிக் ரோஜா மாலை. அதில் ஜிகினா ஒட்டியிருந்தது. இப்போதுதான் கழற்றியதுபோல் வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னங்க இது, யாரு மாலை?"

"யாருதுன்னே தெரியலையே," என்றார்.

தேர் மைக்கில் பாடிக்கொண்டிருந்த குரல் ஒரு நொடி நின்றது. பிறகு, சுருதி பிசகாமல் அடுத்த பாட்டைத் தொடங்கியது.