பின்வீட்டு வெளிச்சம்

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்!"

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் காலையிலேயே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வேகத்தில் பட்டன் எல்லாம் ஒரு ஓட்டை மாறிப் போயிருந்தது.

"யாரோட சண்டைக்கு?" என்றாள் மனைவி.

"பின்வீட்டு நர்ஸம்மாவோட!"

விஷயம் இதுதான். அவருக்கு நட்சத்திரங்களைப் படமெடுக்கும் பைத்தியம். ஏழு மாசத்து ஞாயிற்றுக்கிழமைகளையெல்லாம் செலவழித்து, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை கட்டினார். சக்கரம் வைத்த கூரை. தள்ளினால் வானம் தெரியும். உள்ளே டெலஸ்கோப், அதன் முதுகில் கேமரா.

"கோழி எப்ப வருது?" என்று கேட்காத ஆள் இல்லை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்.

ஆனால் கூரையைத் திறந்த மறுநாளே நர்ஸம்மா மதில்மேல் ஒரு பளீர் விளக்கை மாட்டிவிட்டார். எந்த நட்சத்திரத்தை எடுத்தாலும், சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஒரே வெள்ளை.

போர்வையைக் கட்டி மறைத்துப் பார்த்தார். அடுத்த நாள் விளக்கு மூன்றடி உயரம் ஏறியிருந்தது.

"பார்த்தியா கொழுப்பை!"

"நேர்ல கேட்கக் கூச்சமா இருந்தா, மரியாதையா நாலு வரி எழுதிக் குடுங்களேன்" என்றாள் மனைவி.

நாலு வரி வரவில்லை. ஒரு வரிதான் வந்தது. 'பின்பக்க விளக்கைத் தயவுசெய்து கொஞ்சம் கவனிக்கவும்.'

நேற்று பார்த்தால், பக்கத்திலேயே இரண்டாவது விளக்கு!

கடைக்காரர் பின்வீட்டுக் கதவை இடித்தார். திறந்த நர்ஸம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"வாங்க தம்பி! நானே வரணும்னு இருந்தேன். இப்ப வெளிச்சம் போதுமா?"

"அதைப் பத்திப் பேசத்தான்..."

"முதல் நாள் இருட்டுல வாளிக்குள்ள காலை விட்டு, வாளியோடயே கொட்டகைக்குள்ள போனீங்களே, ஜன்னல் வழியாப் பார்த்துட்டேன். எனக்கு உசுரே போயிடுச்சு! முப்பது வருஷம் எலும்பு வார்டுல இருந்தவ தம்பி நான். இடுப்பு உடைஞ்சா என்ன பாடுன்னு எனக்குத் தெரியும். அதான் உடனே ஒரு லைட் மாட்டினேன்."

கடைக்காரர் மாறிப் போயிருந்த பட்டனைக் கழற்றிச் சரியாகப் போட ஆரம்பித்தார்.

"நீங்க போர்வையைக் காயப்போட்டு வெளிச்சத்தை மறைச்சுட்டீங்க. சரின்னு உயரத்துல வச்சேன். அப்புறம் கவனிக்கச் சொல்லி நீங்களே சீட்டு அனுப்பினீங்க. பாவம், எவ்வளவு கூச்சப்பட்டு எழுதியிருப்பீங்க! இதோ பாருங்க, இன்னும் பெருசா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். ஏணியில ஏறத்தான் போயிட்டிருந்தேன்."

அரைமணி நேரம் கழித்து வீடு திரும்பியவரை மனைவி வாசலிலேயே மடக்கினாள்.

"என்னங்க, கறாராச் சொன்னீங்களா?"

"சொன்னேன். 'எழுபது வயசுல ஏணியில ஏறுற வேலையெல்லாம் வச்சுக்கக் கூடாது'ன்னு நல்லாக் கண்டிச்சேன்."

"லைட்டு?"

கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"மூணாவதை நானே ஏறி மாட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன்."