தகர வண்டி

"அந்த டிவியை நிறுத்தித் தொலைங்க! பாக்கப் பாக்க எனக்கு நெஞ்சை அடைக்குதுங்க."

சௌந்திரம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். காலையிலிருந்து அதே படத்தைத்தான் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நம் ஏவுகணை வண்டி ஒன்றை டிரோன் விட்டு அடித்துவிட்டதாக எல்லைக்கு அந்தப் பக்கத்தார் மார்தட்டி வெளியிட்ட படம். அவளுடைய ஒரே மகன் ஜீவா ராணுவத்தில் ஓட்டுவது அப்படிப்பட்ட வண்டியைத்தான். சண்டை ஆரம்பித்ததிலிருந்து அவனிடமிருந்து ஒரு போன்கூட இல்லை.

அவள் புருஷன் குருமூர்த்தி டிவியை நிறுத்தவில்லை. எழுந்து போய்த் திரைக்கு அருகில் குனிந்து பார்த்தார். அடிபடுவதற்கு முன்னால் எடுத்த படம் ஒன்று பெரிதாக வந்தது. வண்டியின் பக்கவாட்டில் வரிசையாகச் சின்னச் சின்னக் கொக்கிகள்.

"அட!" என்றார். அப்புறம் சிரித்தேவிட்டார்.

"புத்தி கித்தி பெரண்டு போச்சுங்களா உங்களுக்கு?"

"அழுவாத புள்ள. இது நம்ம பட்டறை வண்டி!"

சௌந்திரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. புதுச்சத்திரம் மெயின்ரோட்டில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைக்கும் எல்லைச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்?

"யாருகிட்டயும் மூச்சு விடப்படாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. இனி என்ன, அதான் ஒடஞ்சே போச்சே. போன வருசம் பின்னாடி ஷெட்டைப் பூட்டிக்கிட்டு வேல பாத்தமே, அது லாரி இல்ல. ஏவுகணை வண்டி மாதிரி பொம்மை. தகரமும் பிளைவுட்டும்தான். உள்ள இஞ்சின்கூடக் கெடையாது."

"பொம்மையா? அது எதுக்குங்க?"

"எதிரி ஏமாந்து அதை அடிக்கோணும். அசல் வண்டி தப்பிச்சுக்கும்."

ஒரு வல்லரசு நமக்கு ஏவுகணை விற்கிறது. இன்னொரு வல்லரசு அந்தப் பக்கத்துக்கு டிரோன் விற்கிறது. இரண்டு பேருக்கும் கல்லா நிறைகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தகரத்தை வைத்தாவது பிழைத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. அப்படித்தான் அந்த வேலை கைமாறிக் கைமாறி குருமூர்த்தியின் பட்டறைக்கு வந்து சேர்ந்தது.

வேலையெல்லாம் சுத்தம். ஒரே ஒரு கோளாறு. காலமெல்லாம் லாரிக்கு பாடி கட்டிப் பழகிய கைகள், தார்ப்பாய்க் கயிறு இழுத்துக் கட்டும் கொக்கிகளை இதற்கும் வரிசையாகப் பற்றவைத்துவிட்டன. "ஏவுகணைக்கு எதுக்குடா தார்ப்பாயி?" என்று குருமூர்த்தி வாய்க்கு வந்தபடி திட்டினார். அறுத்தெடுக்க அவகாசமில்லை, வண்டி கிளம்பிவிட்டது. அந்தக் கொக்கியே காட்டிக் கொடுத்துவிடுமோ என்று அன்றிலிருந்து அவருக்குச் சரியான தூக்கமில்லை.

"ஒருத்தனும் கண்டுபுடிக்கலியே! தகரத்தை அடிச்சுப்போட்டுத் தம்பட்டம் போடறான் பாரு!"

"அப்ப நம்ம பையன்?"

"அவன் எங்கியாச்சும் மலைக்குப் பின்னால அசல் வண்டியோட பத்தரமா இருப்பான். பொம்மையைக் கொண்டுபோயி அசலுக்குப் பக்கத்துலயா நிறுத்துவாங்க?"

"இத ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லப்படாதுங்களா? காலையில இருந்து உசுரே எங்கிட்ட இல்லீங்க."

கேட்கும்போதே அவள் முகம் தெளிந்துவிட்டது. என்ர சாமி தப்பிச்சான் என்று முணுமுணுத்தபடி அடுப்படிக்குப் போய், காலையிலிருந்து பட்டினி கிடந்தவள் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பார்த்த குருமூர்த்திக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. தன் கையால் செய்த ஒன்று தன் பிள்ளையையே காப்பாற்றியிருக்கிறது. இதைவிட ஒரு தகப்பனுக்கு வேறென்ன வேண்டும்?

போன் அடித்தது. அவளும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"அப்பா, நான் ஜீவாவோட மேஜர் பேசறேன். எனக்கும் தமிழ்நாடுதான்."

"சொல்லுங்க சார்! டிவியிலதானுங்க பாத்துட்டிருக்கறோம். நம்ம வண்டி நல்லா ஏமாத்திப்போட்டுதுங்களா?"



"ஏமாத்திருச்சுப்பா. அச்சு அசலா இருந்துச்சு. ஆனா ஆள் நடமாட்டம் இல்லாத வண்டியை எவனும் நம்ப மாட்டான். அதனால அதைச் சுத்தி எப்பவும் நிஜமான ஆளுங்க நிப்பாங்க. அந்தக் கொக்கிங்களைப் பாத்துட்டு, 'இது எங்கப்பா கட்டின வண்டி சார், நானே நிக்கறேன்'னு ஜீவா அந்த டியூட்டியைக் கேட்டு வாங்கிட்டுப் போனான்."