தாங்கும் கிளை

புயலில் சாய்ந்த புளியமரத்தின் அடியில் சவரிமுத்து சிக்கிக் கிடந்தான். வெளியே அவன் மனைவி அமலோற்பவம் மரமறுக்கும் மிஷினின் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தாள். கிளம்பவில்லை.

"பெட்ரோல் ஏறிக்கிச்சு புள்ள. பிளக்கக் கழட்டித் தொடச்சு மாட்டு. கெளம்பிட்டா நிறுத்திடாத, சூட்டுல மறுபடி எடுக்காது. மரத்தத் தாங்குற கிளைய மட்டும் தொடாத. எதுன்னு நான் சொல்றேன்."

துடைத்து மாட்டி இழுத்தாள். மிஷின் அலறியது.

"எந்தக் கிளைங்க?"

தன் குரலே அவளுக்குக் கேட்கவில்லை. நிறுத்தும் பொத்தானில் விரலை வைத்தாள், எடுத்தாள். ஒரு கிளைக்கு நேராக மிஷினைத் தூக்கினாள். இலைகளுக்கு நடுவே அவன் கை வேகமாக அசைந்தது. அறு என்கிறதா, வேண்டாம் என்கிறதா, அவளுக்குத் தெரியவில்லை.