யாரும் படிக்கவில்லை

"நீங்களா கலைச்செல்வி இந்தப் பொய்யை எழுதினது?"

பிரஜின் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான். தம்பானூரில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் இருக்கும் அந்தச் சின்ன கம்பெனிக்கு அவன்தான் முதலாளி. மலைப்பாதையில் லாரி ஓட்டும் கேம் ஒன்றை நடத்துகிறார்கள். விளையாடுகிறவர்களின் புகாருக்குப் பதில் எழுதுவது கலைச்செல்வியின் வேலை.

போன வாரம் வெளியிட்ட அப்டேட் சொதப்பிவிட்டது. பலபேர் மாதக்கணக்கில் ஓட்டிச் சேர்த்த லெவல் எல்லாம் அழிந்துபோனது. ஆளாளுக்குத் திட்டித் தீர்த்தார்கள்.

பிரஜின் எதையும் மறைக்கவில்லை. 'தப்பு எங்களுடையதுதான். உங்கள் புகார் ஒவ்வொன்றையும் எங்களில் ஒருவர் படிக்கிறார். பெயர் போட்டுப் பதில் சொல்வார்' என்று அறிவித்தான். அதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோபமும் மெல்ல அடங்கிக்கொண்டுதான் வந்தது.

அப்போதுதான் இது கண்ணில் பட்டது.

'வேட்டைப்புலி' என்ற பெயரில் விளையாடும் ஒருவர் கெட்ட வார்த்தைகளாகக் கொட்டியிருந்தார். வாய்விட்டுப் படிக்க முடியாத வார்த்தைகள். மறுநாள் அவரே, 'நேற்று ஏதோ ஆத்திரத்தில் எழுதிவிட்டேன். அதை யாராவது படித்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தார்.

கீழே கலைச்செல்வியின் பதில்: 'இது மெஷின் தானாக அனுப்பும் பதில். உங்கள் செய்தியை மனிதர் யாரும் படிக்கவில்லை. உங்கள் லெவல்கள் திரும்பச் சேர்க்கப்பட்டுவிட்டன.'

"ஆமா சார், நான்தான் எழுதினேன்."

"எல்லாத்தையும் ஆளுதான் படிக்கோம்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு. இதை அந்த ஆளு ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டா நம்ம மானம் போச்சு, அல்லே?"

"இவரு போடமாட்டாரு சார்."

"இப்படிப் பேசுத ஆளுக்குப் பயந்தா பொய் சொன்னீங்க? எங்கிட்ட சொல்லியிருந்தா அப்பவே பிளாக் பண்ணியிருப்பேன்."

"ஐயோ, பிளாக் பண்ணாதீங்க சார்."

"பின்னே? பேரு போட்டுப் பதில் எழுதக் கூச்சமா? அப்படீன்னா சொல்லுங்க, இந்த வேலைக்கு வேற ஆளைப் பாக்கேன். நீங்க நாளையிலேர்ந்து வர வேண்டாம்."

கலைச்செல்வி வாசல் பக்கம் பார்த்தாள். வெளியே மற்றவர்கள் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினாள்.

"அந்த அக்கவுண்டில இருக்க போன் நம்பரைப் பாத்தேன் சார். எங்க மாமனாரு."

பிரஜின் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"லாரி ஓட்டினவரு. பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துட்டு. இப்போ ஒத்தைக் கையால நம்ம லாரியத்தான் ஓட்டுதாரு. நான் தம்பானூர்ல ஆபீசுக்குப் போறேன்னு தெரியும், இந்த கேம்தான்னு தெரியாது. வீட்டில என்னைப் பெத்த பொண்ணு மாதிரி 'மக்களே'ன்னுதான் கூப்பிடுவாரு. ஒரு நாளும் மூஞ்சி காட்டினதில்ல."

"அதுக்காக..." என்று ஆரம்பித்தான் பிரஜின்.

"படிச்சது மருமவதான்னு தெரிஞ்சா, அதுக்கப்புறம் எங்கையால எப்படி சார் சோறு வாங்கித் தின்பாரு?"